மூன்று பேருக்கான ரௌட்டர்

இன்று குமணன்சாவடியில் புது வைஃபை ரௌட்டர் வாங்கினேன். பழையது அடிக்கடி நின்றுபோகிறது.

"ஊட்ல எத்தினி பேரு சார்?" என்றார் கடைக்காரர்.

"அம்மா, மனைவி, நான். மூணு போன்."

"அப்ப இதுவே போதும், நம்பி எடுத்துக்கினு போங்க. பழைய பேரு, பழைய பாஸ்வேர்டே வைங்க. போனெல்லாம் தானா சேந்துக்கும்."

வீட்டில் மாட்டிவிட்டு, போனில் ரௌட்டரின் செயலியைத் திறந்தேன். நான்கு போன்கள் சேர்ந்திருந்தன. நான்காவதின் பெயர் 'அப்பா'.

அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அம்மாவைப் பார்த்தேன்.

"தெனம் சார்ஜ் போட்டு வெக்கிறேன். விஷயம் தெரியாதவங்க யாராச்சும் கூப்ட்டா எடுத்துச் சொல்லணுமில்ல?"

இதுவரை யாரும் கூப்பிடவில்லையாம்.

கடைக்காரரிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் எத்தனை பேர் என்று உங்களைக் கேட்டால், நீங்களாவது அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.