மாமா போட்ட ஸ்டூடியோ கோட்

அடைமழையில் கூரை ஒழுகி, சுவரில் தொங்கிய மாமாவின் படத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. என் மாமியாரிடம் இருந்த ஒரே படம் அது. அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. "திவசத்துக்கு எத வச்சுக் கும்பிடுறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நல்லவேளை, அந்தப் படத்தை எப்போதோ என் போனில் பிடித்து வைத்திருந்தேன். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. "நான் வரைஞ்சு தர்றேன் மாமி" என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எனக்கு வரையத் தெரியுமா? மாத்தளை டவுனில் ஒரு அச்சுக்கடையில் கல்யாணப் பத்திரிகைக்குப் பூவும் குத்துவிளக்கும் போடுகிறவள் நான். கம்ப்யூட்டரில் புள்ளிகளை வைத்து, இணைத்து, வளைத்து உருவம் செய்கிற வெக்டர் வேலை. பூவுக்குச் சரி. முகத்துக்கு? அதுவும் நான் பார்த்தே இராத முகம். நான் மருமகளாக வருமுன்பே மாமா போய்விட்டார்.

வீடியோக்களைப் பார்த்துத் தொடங்கினேன். முதல் முகம் முட்டைக்குக் கண் வைத்த மாதிரி வந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எங்கப்பாவ என்னா பாடு படுத்துற?" என்று சிரித்தார். வந்த கோபத்தில் அவரையே ஜன்னலோரம் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தேன். அப்பாவின் நிறமும் தாடையும் அப்படியே அவருக்கு என்று மாமி சொல்வார். கம்ப்யூட்டரில் கன்னத்து நிழலின் நிறத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால், ஐயோ, கறுப்பே இல்லை! கொஞ்சம் பச்சை, கொஞ்சம் கத்தரிப்பூ. இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியும் அந்தப் பச்சையை நான் கண்டதில்லை. அந்த நிறங்களில் நிழல்களை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக மாமாவின் முகத்தில் வைத்தேன். மூக்கு எழும்பி நின்றது! நான் கதிரையிலிருந்து துள்ளியே விட்டேன்.

கோட்டுக்கு மட்டும் ஒரு வாரம். கொலர் மடிப்பு, டை முடிச்சு, துணியின் மினுமினுப்பு. பெருமை தாங்காமல் மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"கோட்டு நல்லா இருக்கு புள்ள. ஆளு யாரு?"

தலையில் இடி. அப்புறம்தான் விளங்கியது. எங்கள் ஊர் ஸ்டூடியோவில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட் தொங்கும். எந்த ஆண் படம் பிடிக்கப் போனாலும் அதைத்தான் மாட்டிவிடுவார்கள். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் சுவரில் அதே கோட்டோடுதான் இருக்கிறார்கள். மாமா பல்லேபொலவிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு லொறியில் மரக்கறி கொண்டுபோனவர். அந்தக் கோட்டுக்குள் அவர் இருந்தது ஐந்தே நிமிஷம். நானோ ஒரு வாரம் அதைத்தான் வரைந்திருக்கிறேன்.

வெக்டரில் ஒவ்வொரு துண்டும் தனி. முகத்தில் கை வைக்காமல் கோட்டை மட்டும் தொட்டு அழித்தேன். போயே போச்சு!

"என்ன சட்டை போடுவாரு மாமி?"

"நீலக் கட்டம் போட்டது."

வரைந்து முடித்து மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவையும் ஆள் யார் என்று கேட்டுவிட்டால்?

மாமி திரையருகே குனிந்தார். "மேல் பட்டனப் போட்டுட்டியே. அவருக்கு மூச்சு முட்டும். தொறந்து விடு."

இரண்டே புள்ளிகளை இழுத்தேன். கொலர் விரிந்தது. தொண்டைக் குழியில் ஒரு சின்ன நிழல் வைத்தேன்.

மாமி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்து, "எப்ப வந்தீங்க?" என்றார்.