அத்தை எழுந்த பிறகுதான் கைதட்ட வேண்டும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எங்கள் குடும்பம் அசடு வழிந்த இடத்தையும் விடமாட்டேன். கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் பியானோ கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு இது உதவும். போன ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அத்தை இரண்டு வருடத்துக்குப் பிறகு மேடையேறினார். அதற்காகத்தான் போனோம்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் தேவாலயத்தில், காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் தொடங்கியவர். பிறகு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் உறவினர் வீட்டில் தங்கிப் பியானோ கற்றார். உதவித்தொகை கிடைத்து வியன்னா போனார். படித்து முடித்துப் பல நாடுகளில் கச்சேரி செய்தார். ஒருநாள் ஒத்திகையில் வலது கை மோதிர விரல் தானாக உள்ளே மடங்கிக்கொண்டது. வலியே இல்லை. காபி டம்ளரைப் பிடித்தால் விரல் ஒழுங்காக இருக்கும்; பியானோக் கட்டையில் வைத்தால் மடங்கும். விரலில் கோளாறு இல்லை, மூளைதான் அதற்குத் தவறான கட்டளை கொடுக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். அத்தை ரிச்சர்ட்ஸ் டவுனுக்கே திரும்பி, ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்துவதிலிருந்து மறுபடி கற்றார். “இந்தக் கச்சேரியிலயும் மடங்குச்சுன்னா பியானோவ வித்துடுவேண்ணா” என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

நாங்கள் பதினான்கு பேர் காலை 9.40க்கு ரயில் ஏறினோம். பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையம் வரை எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பங்காரப்பேட்டையில் வடை வாங்குங்கள், சட்னி வேண்டாம். வழியெல்லாம் அப்பா பாடம் எடுத்தார். அத்தை வாசிக்கப்போகும் இசைக்கு சொனாட்டா என்று பெயர்; அதில் மூன்று பகுதி இருக்கும். நடுவில் இசை நிற்கும்; அப்போது கைதட்டினால் வாசிப்பவரின் கவனம் கலையும். முன்பு ஒருமுறை எங்கள் ஆட்கள் அப்படித் தட்டித் தீர்த்திருக்கிறார்கள். அதனால் இந்த முறை அத்தையே குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்: நான் எழுந்து நின்ற பிறகுதான் கைதட்ட வேண்டும்.

“அவ எந்திரிக்கணும். அதுவரைக்கும் கை மடியில. புரிஞ்சுதா?” என்றார் அப்பா.

“இருமலாமாடா?” என்று கேட்டார் பெரியப்பா.

கன்டோன்மென்டிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் அரங்கம் மூன்று கிலோமீட்டர். நான்கு ஆட்டோ பிடித்தோம்; ஒன்றுக்கு நூறு ரூபாய்.

“என்னா சார், கல்யாணமா?” என்றார் ஓட்டுநர்.

“பியானோ கச்சேரி” என்றார் அப்பா.

“பாட்டு கீதா?”

“இல்லப்பா.”

“டான்ஸு?”

“அதுவும் இல்ல.”

“அப்போ சும்மா உக்காந்துனே இருக்கணுமா? ஸ்வல்ப கஷ்டம்தான் சார்.”

நான்கு மணிக்குக் கச்சேரி. அரங்கின் இடப்பக்கம் உட்காருங்கள். அங்கிருந்துதான் விரல்கள் தெரியும். நாங்கள் முதல் இரண்டு வரிசையில் உட்கார்ந்தோம். நான் அந்த மோதிர விரலை மட்டுமே பார்த்தேன். முதல் பகுதி முடிந்ததும் பின்னால் ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். பெரியப்பா முழு உடம்போடு திரும்பி, “உஷ்! இன்னும் முடியல!” என்றார். இரண்டாம் பகுதிக்குப் பிறகும் அப்படியே ஒருவரை அடக்கினார். அதன்பின் அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை.

கடைசிப் பகுதி வேகமாக ஓடி, மெதுவாகத் தேய்ந்து முடிகிறது. விரல் மடங்கவில்லை! கடைசி ஸ்வரம் அடங்கியதும் அத்தை கைகளை மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

நாங்களும் தட்டவில்லை. எங்களைப் பார்த்து, மற்றவர்களும் தட்டவில்லை.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை குனிந்தபடி, இடது கையால் அந்த விரலைப் பொத்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்துவிட்டார்! கைகளைத் தூக்கினேன். அப்பா பிடித்து அழுத்தினார். “இன்னும் எந்திரிக்கல.”

“அத்தை! எந்திரிங்க அத்தை!” என்று கத்திவிட்டேன்.

அத்தை திரும்பினார். மடியில் கைவைத்துப் பரிசுத்தவான்களைப் போல உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே எழுந்தார். பிறகு வந்த கைதட்டலில் பெரியப்பாவின் விசிலும் சேர்ந்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் மேடைக்கு ஓடினோம். “நீங்க தட்டினாத்தானே அண்ணா நான் எந்திரிப்பேன்? உசுரே போயிடுச்சு!” என்றார் அத்தை.

“நீ எந்திரிச்சாத்தானே எங்கள தட்டச் சொன்ன?” என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டை போட்டார்.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: பகுதிகளுக்கு நடுவில் தட்டாதீர்கள். ஆனால் வாசிப்பவர் கைகளை மடியில் வைத்துவிட்டால் தயங்காமல் தட்டுங்கள். தெரியாமல் தட்டுவதால் வரும் கெடுதலைவிட, தெரிந்துகொண்டு சும்மா இருப்பதால் வரும் கெடுதல் பெரியது. திரும்பும் ரயிலுக்கு அரை மணி முன்பே கிளம்பிவிடுங்கள்; நாங்கள் ஓடித்தான் பிடித்தோம்.

அதற்குக் காரணம் பெரியப்பா. “பியானோவ விக்கிறியா இன்னும்?” என்று கேட்டார். அத்தை மறுபடி உட்கார்ந்து, எங்கள் தேவாலயத்தில் பாடும் ஒரு பாட்டை வாசிக்கத் தொடங்கினார். அரங்கக் காவலர் வந்து, “மேடம், க்ளோஸ் மாடபேகு” என்று, அரங்கை மூட வேண்டுமெனக் கன்னடத்தில் கெஞ்சினார். அத்தை தலையாட்டினார், நிறுத்தவில்லை. அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.