ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த காய்ச்சல்

வளைகாப்பு முடிந்த மறுநாளே எனக்கு நடுக்கம் கண்டது. மராட்டி ஊரான கோந்த்வாவில் எங்கள் வீட்டில் இருந்த மூன்று போர்வையும் போதவில்லை. வளைகாப்புக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குக் காரணம் தேட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை பேர் கண்ணும் என் ஏழு மாத வயிற்றின் மேல் பட்டுவிட்டதாம். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். எதிர்வீட்டு மராட்டிக்காரர்கள் இருமிக்கொண்டே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. மறுநாள் கல்லுக்குண்டு மாதிரி எழுந்து உட்கார்ந்தேன். அம்மா முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அதற்கடுத்த நாள் மறுபடி நடுக்கம், மறுபடி மிளகாய், மறுபடி குணம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற என் கணவரை, மாசமாக இருப்பவளுக்குக் கண்ட மாத்திரையும் ஆகாது என்று அம்மா வாயடைத்துவிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பாதி நம்பினேன். ஆனால் குழந்தையின் அசைவு குறைந்திருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மிளகாயையும் அப்படியே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மூன்றாம் முறை நடுங்கியபோது, இன்று எதையும் சுற்றக் கூடாது என்று பல் கிடுகிடுக்கச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சாயங்காலம் காய்ச்சல் தானாகவே இறங்கியது.

"சுத்தாமயே போயிருச்சும்மா. அப்ப நாளான்னைக்குத் தானா வந்துரும்."

மறுநாள் காலையில் அம்மாவே என்னோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்றதுமே டாக்டரம்மா விரலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். மலேரியா. மாத்திரை குழந்தைக்கு ஆகுமா என்று அம்மா தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டாள். இது கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரைதான், போடாமல் விட்டால்தான் குழந்தையையே இழக்க நேரலாம் என்றார் அவர். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.

வழியில் கொசுவலை வாங்கியதும், பால்கனியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொட்டியதும், டாக்டரம்மா சொன்ன மூன்று நாளும் மாத்திரையை நேரம் தவறாமல் நீட்டியதும் அம்மாதான். மறுமுறை உடம்பு லேசாகச் சுட்டதோடு சரி. அதற்கடுத்த முறை காய்ச்சல் வரவே இல்லை. அன்று மத்தியானம் விலாவில் விழுந்த உதையில் நான் போட்ட கூச்சல் எதிர்வீடு வரை கேட்டிருக்கும். திரும்பவும் வரக்கூடிய காய்ச்சல் என்பதால், பிரசவம் வரை அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் ஒன்றும் இல்லை என்றே வந்தது.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். நர்ஸ் முதலில் அம்மாவிடம்தான் நீட்டினார். அம்மா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உன்ற பிடிவாதத்துல பொழச்ச புள்ள கண்ணு. மொதல்ல நீயே வாங்கிக்க."

அம்மாவிடம் நான் ஜெயித்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கையில் வாங்கினேன். முழுசாக மூன்று கிலோ கனத்தாள்.