செட்டின் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச்

எங்கள் காது பரிசோதனை நிலையத்தில் அவருக்குப் பெயர் பீப் அக்கா. சுவரெல்லாம் பஞ்சு அடைத்த சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "பீப் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று சொல்வது அவர் வேலை. நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். அந்த நிலையத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் மதியச் சாப்பாடு எப்போதும் ஒன்றாக, யாரும் வராத மாடிப்படியில்.

வெளிநாடு வருவதற்கு முன்னால் ஊரிலும் அவருக்கு இதே வேலைதான். நாள் முழுக்கப் பீப் கேட்ட காதை வீட்டுக்கு வந்து பாட்டால் கழுவவேண்டும் என்பார். அதற்காகவே ஒரு செட் சேர்த்திருந்தார். ஒரு வருஷம் ஆம்ப்ளிஃபயர், அடுத்த வருஷம் ரெக்கார்ட் பிளேயர், பிறகு தச்சர் பக்கத்திலேயே நின்று அளவு சொல்லிச் செய்யவைத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அது என்ன, பீரோவா என்று கேட்டார்களாம். கேட்காதவர் ஒருவர்தான். அண்ணனின் சிநேகிதர், வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக். விடுப்பில் வந்திருந்தவர் நேரே செட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "ஒரு பாட்டுப் போடுங்களேன்" என்றார். அக்கா அங்கேயே காதலில் விழுந்துவிட்டார்.

அவரோடு கல்யாணம் முடிந்து வெளிநாடு கிளம்புகிற சமயம். செட்டைக் கட்ட அக்கா அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது கணவர் தடுத்தார்.

"இது அங்க ஓடாதும்மா. இங்க வர்ற கரண்ட் வேற. அங்க வோல்டேஜ் இதுல பாதிதான்."

"டிரான்ஸ்ஃபார்மர் வச்சா?"

"வச்சா சூடாகும், கொர்ர்னு சத்தம் வரும். நான் கரண்ட்லயே வேலை பாக்கறவன், எனக்குத் தெரியாதா? ஆசையா வாங்கினதை அங்க கொண்டுபோய்க் கருக்கணுமா? தம்பி வீட்ல விட்டுட்டுப் போவோம். அவன் நல்லா வச்சுப்பான்."

கரண்ட் வேலைக்காரரே சொல்லும்போது மேலே என்ன பேசுவது? அக்கா செட்டைத் துடைத்து, தானே கூடப்போய்க் கொழுந்தன் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். "நல்லவேளை, முன்னாடியே சொன்னீங்க" என்று கணவருக்கு நன்றியும் சொன்னார்.

பத்து வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. இங்கே அவர் பாட்டுக் கேட்டதெல்லாம் போனில்தான். சத்தம் கொஞ்சம் கூடட்டும் என்று போனை ஒரு கண்ணாடி டம்ளருக்குள் நிறுத்தி வைத்துக்கொண்டு சமைப்பார். புதிதாக ஒரு செட் வாங்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் கணவர், "உன் பழைய செட் மாதிரி வருமா?" என்பார். அதையும் அக்கா பிரியமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் மாடிப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொழுந்தன் கூப்பிட்டார். கை எச்சிலாக இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணி, அண்ணன் போனை எடுக்கலை. நீங்களாவது சொல்லுங்க. வீடு மாத்தினோம்ல, தூக்கிட்டு வந்த ஆளுங்க இடிச்சதுல செட்டுக்குப் பின்னாடி ஒரு தகடு கழண்டு, உள்ள இருக்கிற குட்டி சுவிட்ச் நகந்துடுச்சு போல. நடுவுல நிக்குது. 220 பக்கம்தானே இருக்கணும்?"

"எந்த சுவிட்ச் தம்பி?"

"அதான் அண்ணி, அந்தத் தகட்டுக்கு அடியில. ஒரு பக்கம் 220, ஒரு பக்கம் 110. அண்ணன் அன்னிக்கே சொன்னாரு. 110 நாங்க போற ஊருக்கு, இங்க அதைத் தொட்டுராத, கெட்டுப்போயிரும்னு."

அக்கா நிதானமாக, "பிளக்கைப் பிடுங்கிட்டு 220 பக்கமே தள்ளிவை. அப்புறம் போடு" என்றார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. போனை வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அந்தத் தகட்டை எத்தனை தடவை துடைச்சிருப்பேன். கழட்டிப் பாக்கணும்னு தோணலை. ஒரு சுவிட்சைத் தள்ளினாப் போதும். அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"மறந்திருப்பாரோ என்னவோ" என்று இழுத்தேன்.

"தம்பிக்குச் சொல்லும்போது மறக்கலையே."

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டார். இன்னொன்றும் சொன்னார். அவருடைய தங்கை இங்கே குடிவந்தபோது டேப் ரெக்கார்டரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாளாம். "நான்தான் வேண்டாம்னேன். சூடாகும், கொர்ர்னு சத்தம் வரும்னு அவர் சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன். இவரு பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்தாரு."

அன்று பிற்பகல் பரிசோதனைக்கு வந்த பெரியவர் வெளியே வந்து, தனக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது, ஒரு பீப் கூடக் கேட்கவில்லை என்று என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அக்கா கருவியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒலியைக் கொடுக்கவே இல்லை.

வீட்டில் நடந்ததை மறுநாள் சொன்னார். கணவர் முதலில் தொழில் பேசினாராம்.

"வோல்டேஜ் மட்டும் இல்லம்மா. ரெக்கார்ட் பிளேயர் மோட்டார் இருக்கே, அது கரண்ட் துடிக்கிற வேகத்துக்குச் சுத்தறது. நம்ம ஊர்ல செகண்டுக்கு அம்பது தடவை, இங்க அறுபது. பாட்டு வேகமா ஓடும்."

"அதுக்கு வழி உண்டா இல்லையா?"

"உண்டு. உள்ள ஒரு சின்னச் சக்கரம், புல்லின்னு, அதை மாத்தணும்."

"இதை அன்னிக்குச் சொன்னீங்களா?"

அவர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சொன்னார். "தம்பி வாய்விட்டுக் கேட்டான். அவனைத் தனியா விட்டுட்டு வந்தவன் நான், ஒண்ணும் செஞ்சதில்லை. தர்றேன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியலை."

"எப்போ சொன்னீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

ஒரு பாட்டுப் போடுங்களேன் என்று வந்து உட்கார்ந்த அந்த முதல் நாள் அவர் எதற்காக வந்து உட்கார்ந்தார் என்றே இப்போது தெரியவில்லை என்றார் அக்கா. அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன். அழுதுக்கிட்டாவது குடுத்திருப்பேன். ஏமாத்தி வாங்கிட்டு, என்னை நன்றி வேற சொல்ல வச்சிருக்காரு."

போனது போகட்டும் என்று விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. கொழுந்தனைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. நீங்க மனசாரக் குடுத்தீங்கன்னு நினைச்சேன்."

"தெரியும் தம்பி. உன் மேல கோபமில்லை. ஆனா செட் எனக்கு வேணும்."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்ட் பிளேயரும் பழைய போர்வைகளில் சுற்றி வந்து சேர்ந்தன. ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவர முடியவில்லை. "அதுக்குச் சுவத்துலேருந்து கரண்டே வேண்டாம். அதையாவது அன்னிக்கே கொண்டுவந்திருக்கலாம், பாரேன்" என்று சிரித்தார் அக்கா. நல்ல சிரிப்பாக இல்லை. இங்கேயே யாரோ பயன்படுத்திய ஒரு ஜோடி கிடைத்தது.

மாட்டுகிற அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார். கணவர் டெஸ்டரும் கையுமாக வந்து, "நான் பாக்கறேன்" என்றார்.

"வேண்டாம். நீங்க அங்கேயே நில்லுங்க."

அக்காவே தகட்டைக் கழற்றினார். ஒரு நாணயத்தின் விளிம்பால் சுவிட்சை 110 பக்கம் தள்ளினார். கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவைத்திருந்த ஃபியூஸையும் மாற்றினார். பிளக்கைச் செருகியதும் விளக்கு எரிந்தது. கொர்ர் என்ற சத்தம் எதுவும் வரவில்லை. இசைத்தட்டை வைத்தார். பாடகி பதினைந்து வயதுப் பெண்ணாகி, எதற்கோ அவசரமாக ஓடினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் வாயைத் திறக்கப் போனவர், அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு ரிப்பேர் கடைக்காரர் தேடிப் பிடித்துப் புல்லியை மாற்றிக் கொடுத்தார். பாடகி தன் வயதுக்குத் திரும்பினாள்.

அவர்கள் பிரிந்துவிடவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒன்றாகக் கடைக்குப் போகிறார்கள், தங்கை பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். அக்கா பாட்டுப் போடும்போது கணவர் கதவோரம் வந்து நிற்பாராம். உள்ளே வாங்க என்றும் சொல்வதில்லை, போங்க என்றும் சொல்வதில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது அவர் குளியலறையிலிருந்து வந்து, "ஹீட்டரை அணைச்சிட்டேன்" என்றார். அக்கா தலையாட்டினார். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.