கேட்டுக்கு வெளியே நின்ற நைனா

காலையில் எங்கள் வீட்டில் காப்பி வாசனைக்கு முன்னால் ஷூ பாலிஷ் வாசனைதான் எழும்பும். நைனா என் ஷூவுக்குக் கருப்புப் பாலிஷ் போட்டு, பழைய பனியன் துணியால் பளபளவென்று தேய்த்துவிட்டு, தான் மட்டும் தேய்ந்துபோன ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, மொபெட்டின் முன்னால் என் புத்தகப் பையை வைத்து என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போவார். சாயங்காலமும் சீக்கிரமே வந்து கேட்டோரமாகக் காத்திருப்பார். அந்தக் கேட்டைத் தாண்டி அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அதன் காரணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது. நிலமெல்லாம் கைமாறிய பிறகு நைனா லோடு ஆட்டோ ஓட்டினார். என்னை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போன பள்ளியில் இண்டர்வியூ பெற்றோருக்குத்தான், அதுவும் இங்கிலீஷில். இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். சொந்தத்தில் டிகிரி படித்தவர்கள் யாரோ அவர்களை அப்பா அம்மாவாக உள்ளே அனுப்பிவிடுவது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை பார்த்த சித்தப்பா, சட்டையை இன் பண்ணிக்கொண்டு சித்தியோடு போய், நைனாவின் பெயரையே தன் பெயராகச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். "ஸ்கூல்ல சித்தப்பாவ டாடின்னுதான் கூப்டணும், இன்னா?" என்று அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள்.

ஒருநாள் கூத்து என்று தொடங்கியதை அவர்களால் நிறுத்த முடியவில்லை. பேரண்ட்ஸ் மீட்டிங்கா, ஸ்போர்ட்ஸ் டேயா, எல்லாவற்றுக்கும் சித்தப்பாதான். அந்த வேஷம் அவருக்குப் பிடித்தும் போயிற்று.

எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு சொற்களின் பூர்வீகத்தைக் கிளறுவதில் கொள்ளை ஆசை. ஸ்கூல் என்றால் கிரேக்கத்தில் ஓய்வுநேரமாம். வீட்டுப்பாடம் எழுதிக் கை வீங்கிய நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். டியூஷன் என்றால் பக்கத்தில் இருந்து பார்த்துக் காப்பதாம், சிலபஸ் என்பதோ எவனோ பழைய ஏட்டைத் தப்பாகப் படித்ததில் பிறந்ததாம். இண்டர்வியூ என்றால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதாம். நைனாவை அங்கே யாரும் பார்க்கவே இல்லை. கேம்பஸ் என்றால் லத்தீனில் வயல் என்று மிஸ் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பள்ளி நிற்கிற இடமே எங்கள் தாத்தாவின் "கீழண்ட கழனி"தான். சின்ன வயதில் தான் நாற்று சுமந்த மண்ணின் வாசலில் நைனா நிற்க, "யோவ், வண்டிய அந்தாண்ட போடு" என்று வாட்ச்மேன் விரட்டுவான்.

பத்தாம் வகுப்பில், இப்படிச் சொற்களின் பூர்வீகம் சொல்லும் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆண்டு விழாவில் பெற்றோர்தான் மேடைக்கு வந்து பரிசை வாங்கிப் பிள்ளையிடம் தரவேண்டும் என்பது அந்தப் பள்ளி வழக்கம். "மிஸ்டர் ஏகாம்பரம்" என்று மைக்கில் நைனாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா எழுந்து போனார், கைகொடுத்தார், என் தோளில் கைபோட்டுப் போட்டோவுக்குச் சிரித்தார். நைனா காம்பவுண்டுக்கு வெளியே மொபெட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன்.

"இன்னாத்துக்கு அயுவுற பாப்பா? மைக்ல நம்ம பேரு வெளிய வரிக்கும் நல்லாக் கேட்டுச்சி" என்றார். அதை அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பி.எட். படிக்கும்போது பெடகாகி என்ற சொல் வந்தது. கற்பிக்கும் கலையாம். அதன் வேர் கிரேக்கத்தில் ஓர் அடிமையின் பெயர் என்றார் பேராசிரியர். எஜமான் வீட்டுப் பிள்ளையின் சாமான்களைச் சுமந்து, பள்ளிக்குக் கூட்டிப்போய், காத்திருந்து, பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருகிறவன். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் நோட்டில் அந்த வரியின் அடியில் கோடு போட்டேன்.

முகப்பேரில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் நைனாதான் மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். இந்த வாட்ச்மேன் வணக்கம் சொல்லி கேட்டை அகலத் திறந்தார். "உள்ள வா நைனா, என் கிளாஸ வந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் செருப்பைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

"நீ போ பாப்பா. நா இங்கியே கீறேன்."

இப்போது நைனா இல்லை. மொபெட்டைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பெற்றோருக்கு இண்டர்வியூ என்று எந்தப் பள்ளியும் இப்போது சொல்வதில்லை. "இண்டராக்‌ஷன்" என்கிறார்கள், அதன் பூர்வீகத்தைத் தேடிப் பார்க்க எனக்கு மனமில்லை. ஆண்டு விழாவில் எடுத்த போட்டோ மட்டும் சித்தப்பா வீட்டு ஹாலில் இன்னும் மாட்டியிருக்கிறது. அடியில் பள்ளிக்காரர்கள் அச்சடித்த நைனாவின் பெயர், மேலே சித்தப்பாவின் சிரித்த முகம். என் பள்ளிக்கூடத்தில் நைனா நிற்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.