ஏழாம் கிணற்றுத் தண்ணீர்

அக்கா இங்கிலாந்துக்குப் படிக்கப் போக ஆயத்தமான மாதத்தில் எனக்கு ஏழு வயதும் நான்கு மாதமும். இரசாயனவியலில் மேற்படிப்புக்கு இடம் கேட்டிருந்தாள். இடம் தருவதற்கு முன், சொந்தக் கையால் செய்த ஆய்வொன்றைப் பற்றி எழுதி அனுப்பும்படி பேராசிரியர் கேட்டிருந்தார். அதை எழுதுமுன்பே, அவள் கொண்டுபோகவென்று அம்மா மிளகாய்த்தூள் இடித்து முடித்துவிட்டாள். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பா தகரப் பெட்டியொன்றுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார். எனக்கு இவையொன்றும் பிடிக்கவில்லை. என் இரட்டைப் பின்னலை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் பின்னத் தெரிந்தவள் வீட்டில் அக்கா ஒருத்திதான்.

அக்கா தெரிந்தெடுத்தது எங்கள் ஊருக்குக் கிட்ட இருந்த கன்னியா வெந்நீர்க் கிணறுகளை. பக்கம் பக்கமாக ஏழு கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. சுற்றிலும் சனம் வாளியோடு குளித்துக்கொண்டிருக்க, நாங்கள் ஏழு போத்தல்களில் தண்ணீர் பிடித்து இலக்கம் ஒட்டினோம்.

"குளிக்காமல் போத்தலில கொண்டு போறியள், வீட்டில ஆரும் வருத்தமாய்ப் படுக்கையோ, பிள்ளை?" என்று ஒரு மனிசி கேட்டாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையம்மா. தண்ணிக்குத்தான் சோதனை," என்றாள் அக்கா.

ஏழாம் போத்தல் என் பொறுப்பு. பஸ்ஸில் அக்கா முன் இருக்கையில் இருந்தாள். சூடு ஆறிவிட்டதா என்று பார்க்க நான் தக்கையைத் திறந்தேன். பஸ் பள்ளமொன்றில் விழுந்து குலுங்க, தண்ணீர் முழுவதும் என் சட்டையில் கொட்டியது. வீட்டுக்கு வந்ததும், ஒருவருக்கும் தெரியாமல், எங்கள் கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பி வைத்தேன். கடற்கரையை ஒட்டிய வீடு, கிணறு உப்பு.

அக்கா தான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிவந்த வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஒவ்வொரு சோதனைக் குழாயிலும் துளியாக விட்டாள். தண்ணீரில் உப்பு இருந்தால் வெளுக்குமாம். ஆறு குழாய்கள் சற்றே மங்கின. ஏழாவது பால்போல வெளுத்து, தயிர்போலத் திரண்டது.

"ஏழாம் கிணறு மட்டும் உப்பு! இதை இன்னும் ஆரும் கண்டிருக்க மாட்டினம்!" அக்கா என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாள்.

கடிதம் எழுத அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் நான் அவளுடைய மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் இந்தப் பெரிய கண்டுபிடிப்பு அக்காவைக் கொண்டுபோய்விடும்.

மூன்றாம் நாள், ஒப்பிட்டுப் பார்க்கவென்று எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் அக்கா ஒரு குழாயில் எடுத்தாள். அதே தயிர். இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பஸ்ஸில ஊத்துப்பட்டுப் போச்சு," என்று அழுதேன். "எங்கட கிணத்துத் தண்ணிதான் விட்டனான்."

"சவர்க்காரம் நுரைக்காத தண்ணி, அதுக்கு இங்கிலாந்து வரைக்கும் கடிதமோ?" என்று குசினியில் அடுப்பூதியபடி அம்மா சிரித்தாள்.

அப்பாவுக்கு அவசரம். "எழுதினதை அனுப்பு பிள்ளை. ஆர் இஞ்ச வந்து பாக்கப் போகினம்?"

"நான் பாத்திட்டனே, அப்பா."

மறுநாள் திரும்பவும் கன்னியாவுக்குப் போனோம். இம்முறை ஏழாம் போத்தல் அக்காவின் மடியில். ஏழு குழாய்களும் ஒரேமாதிரி மங்கின.

"புதுசா ஒண்டும் இல்லையோ அக்கா?"

"ஒண்டும் இல்லையடி."

அவள் புதிய கடிதம் எழுதினாள். முதலில் நடந்த பிழை, போத்தல், பஸ், எங்கள் கிணறு, பிழையைக் கண்டுபிடித்த விதம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதி, எனக்கும் தமிழில் வாசித்துக் காட்டினாள். எனக்குப் பெரிய நிம்மதி. கண்டுபிடிப்பும் இல்லை, போதாததற்குப் பிழை வேறு. இப்படிப்பட்டவளை எந்தப் பேராசிரியர் எடுப்பார்? அக்கா ஏன் பாட்டு முணுமுணுத்தபடி உறையை ஒட்டினாள் என்பதுதான் விளங்கவில்லை.

தபாற்கந்தோர் வாசலில், "நான் போடுறன், நான் போடுறன்" என்று துள்ளினேன். அக்கா என்னைத் தூக்கிப் பிடித்தாள். கடைசியில் அவளையே இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்த கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அது விழுந்த சத்தம் கேட்டதும் கைதட்டியவள் நான்.