செபமாலை குலுங்காத ஷொக்

அம்மாவிடம் எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். அந்தத் 'தான்' மீது எனக்கு எப்போதும் சந்தேகம். உப்புக் கூடிய கறிக்கும் அதே சொல், நான் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்த நாளிலும் அதே சொல். ஆகவே, என் காருக்குப் புது சஸ்பென்ஷன் தேடத் தொடங்கியபோது, நம்பக்கூடாதவர்களின் வரிசையில் விற்பனையாளர்களுக்குப் பக்கத்திலேயே அம்மாவையும் நிறுத்தி வைத்திருந்தேன்.

இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அது. என் சம்பளத்தில் வாங்கியது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் இயந்திரப் பொறியியல். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வேலை நாட்களில் நகரின் கிழக்கே வோபர்னிலிருந்து மேற்கே மிசிசாகாவுக்கு விடியவே அந்தக் காரில் புறப்படுவேன். பக்கத்து இருக்கையில் அம்மா. விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் சமையற்கூடத்தில் அவருக்கு வேலை. கார் 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் அம்மா செபமாலையைக் கையில் எடுப்பார். விமான நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்தும் முடிந்திருக்கும். பஸ்ஸில் போன காலத்தில் நெரிசலில் நின்றுகொண்டு சொல்ல முடியாமற் போன செபம் அது.

கோடையில் சில சனிக்கிழமைகளில் அதே காரை நகருக்கு வெளியே உள்ள ட்ராக்குக்குக் கொண்டுபோவேன். பந்தயம் இல்லை, சொந்தக் கார்களை வேகமாக ஓட்டிப் பழகும் நாள். வளைவுகளில் என் கார் ஒரு பக்கமாகச் சரிந்தது. முன் ரயர்களின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. குலுக்கத்தை அடக்க வேண்டிய ஷொக்குகளும் களைத்துப் போயிருந்தன. மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதை வாங்குவது?

இணையத்தில் கேட்டேன். ஒவ்வொருவரும் தான் வாங்கியதே சிறந்தது என்றார். தன் காசைக் கொட்டியவன் அதைப் பிழை என்று சொல்வானா? கட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டால் போதும் என்ற ஒருவர் ஆதாரமாக அனுப்பியது, கார் நிலத்தோடு ஒட்டி நிற்கும் ஒரு படம். அது நின்ற படம். ஓடுவது பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணையிடம் போனேன். அவர் யோசிக்கவே இல்லை.

"கொயிலோவர் போடுங்கோ தங்கச்சி. ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த ஒரே கால். உயரமும் மாத்தலாம், இறுக்கமும் மாத்தலாம்."

"உங்களிட்டை எத்தினை செற் கிடக்கு?"

"ஒண்டுதான். உங்களுக்கெண்டே கிடக்கு."

எனக்கென்று அது எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதைப் பெட்டியின் மேலிருந்த தூசு சொன்னது.

"அப்பா என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு லைசன்ஸ் இல்லை. அந்த ஷொக் குலுக்கத்தை எவ்வளவு அடக்குமெண்டு காட்டுற கிராஃப் இருந்தால் காட்டுங்கோ, பாப்பம்."

"கிராஃபோ! இது கார், தங்கச்சி. சோதினைப் பேப்பர் இல்லை." சிரித்துவிட்டு, தன் காரும் அதே மொடல், அதிலும் அதே கொயிலோவர்தான் என்றார். "சனிக்கிழமை வந்து ஓடிப் பாருங்கோ."

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"தாராளமா."

சனிக்கிழமை என் கார்த் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு தன்னுடையதைத் தந்தார். நம்பிக்கையீனம் இரண்டு பக்கமும் இருந்தது. கராஜை விட்டு வெளிக்கிட்டதும் அம்மாவிடம் செபமாலை சொல்லச் சொன்னேன். வாய்ச்சொல்லை நம்ப முடியாது, குலுக்கத்தில் தடக்கும் உதடு பொய் சொல்லாது என்பது என் கணக்கு.

"மத்தியானத்திலை, ஆரோ ஒராளின்ர காருக்குள்ள செபமோ?"

"மாதாவுக்கு நேரம் காலம் இல்லையெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

ஒட்டுப் போட்ட தெருக்களிலும் ரயில் கடவையிலும் ஓட்டினேன். அம்மாவின் உதடு ஓரிடத்திலும் தடக்கவில்லை. ட்ராக்குக்கென்று செய்த கொயிலோவருக்கு அது அளவுக்கு மிஞ்சி நன்றாக இருந்தது. கோப்பிக் கடையொன்றின் முன்னால் நிறுத்தி, பொனற்றைத் திறந்து, கொயிலோவரின் உச்சியில் இருந்த, இறுக்கத்தை மாற்றும் குமிழை இளக்கும் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. ஏற்கெனவே முழுதாக இளக்கி விடப்பட்டிருந்தது. அண்ணைக்கு அழைத்தேன்.

"அன்ரி வாறா எண்டு சொன்னியள். அதுதான் இளக்கி விட்டனான். பிழையோ?"

அது மரியாதையா, வியாபாரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முன்னும் பின்னும் நான்கு குமிழ்களையும் ட்ராக்கில் ஓடும் அளவுக்கு இறுக்கினேன். அம்மாவை முதல் மணியிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டு, அதே தெருக்களில் திரும்பவும் போனேன்.

முதல் ஒட்டிலேயே அம்மாவின் உதடு நின்றுவிட்டது. ஒரு கை கதவைப் பிடித்துக்கொண்டது. மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு மணியை நசுக்கிப் பிடித்தபடி இருந்தன.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு."

"எத்தினை பத்து முடிஞ்சுது?"

"மூண்டு."

"அம்மா, உங்கட விரல் முதல் பத்தை விட்டு அசையேல்லை."

"என்ர விரலை ஏன் பாக்கிறாய்? ரோட்டைப் பார்."

ஓரமாக நிறுத்தினேன். "செபமாலையைக் கையிலை வைச்சுக்கொண்டு பொய்யோ?"

அம்மா மாலையைக் கைப்பைக்குள் வைத்து மூடினார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "நாரி நோகுதெண்டு நான் சொன்னால் நீ என்ன சொல்லுவாய்? 'அப்ப பஸ்ஸிலை போங்கோ அம்மா.' அதுக்குத்தானே என்னை ஏத்திக்கொண்டு வந்தனி? படிச்ச பிள்ளை, நீ சும்மா ஒண்டும் செய்யமாட்டாய்."

நான் அவருடைய உதட்டை வேவு பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் என்னை வேவு பார்த்திருக்கிறார். தன்னைக் கழித்துவிடத்தான் இந்த ஓட்டம் என்று நினைத்துக்கொண்டே, இடுப்பு நோக நோக, 'நல்லாத்தான் இருக்கு' என்று பாஸாகப் பார்த்திருக்கிறார்.

"சோதினை காருக்கு, அம்மா. உங்களுக்கில்லை."

"அப்ப கார் பாஸோ?"

"பெயில்."

"ம்," என்றார். அந்த 'ம்' இல் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

வேலைக்குப் போக இளக்கி, ட்ராக்குக்குப் போக இறுக்கிக்கொண்டால் போகிறதுதானே என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். கடினமான ஸ்பிரிங்குக்கு மேல் ஷொக்கை அவ்வளவு இளக்கினால், தெருவில் சுகமாக இருக்கும் கார் 401இன் வேகத்தில் துள்ளும். அதைவிடப் பெரிய காரணம் வேறு. ட்ராக்கால் வந்த களைப்பில் ஒருநாள் குமிழைத் திருப்ப மறப்பேன். திங்கட்கிழமை அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு மிசிசாகா வரைக்கும் வருவார். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணையிடம் திரும்பிப் போய், திருப்புகிற குமிழே இல்லாத ஷொக்கும், அதற்கென்றே செய்த, சற்று மட்டும் இறுக்கமான ஸ்பிரிங்கும் கேட்டேன். வளைவில் சரிவதைக் குறைக்க, இரண்டு பக்கச் சில்லுகளையும் இணைக்கும் கம்பியைத் தடிப்பானதாக மாற்றச் சொன்னேன். ரயர் ஓரம் தேயாதபடி முன் சில்லுகளின் மேற்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே சரிக்கச் சொன்னேன்.

"குமிழ் இல்லாததோ வேணும்?"

"ஓம் அண்ணை. ஆரும் இளக்கேலாதது."

அவருக்கு விளங்கியது. காதைச் சொறிந்தார். "ட்ராக்கிலை ஒரு சுத்துக்குச் செக்கன் கணக்கிலை நேரம் போகுமே, தங்கச்சி. அன்ரிக்காகவோ?"

"என்ர காருக்கு எது சரியோ, அதுக்காக," என்றேன். பழைய ஷொக்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். என் காரையே திரும்பத் தருகிறாரா என்றுகூட ஒருமுறை இலக்கத்தகட்டைப் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை 401இல் ஏறினோம். பாலங்களின் இணைப்புகளில் கார் ஒரு தரம் அமர்ந்து எழும்பியது, அவ்வளவுதான். நான் ரோட்டைப் பார்த்தேன். பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு உதட்டையும் பார்த்தேன். விமான நிலையத்துக்குத் திரும்ப இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கையிலேயே அம்மா சிலுவை போட்டு முடித்தார். பிறகு மாலையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"வேகமாப் போனியோ?"

"இல்லை அம்மா. எப்பவும் போற மாதிரித்தான்."

"அப்ப எங்கையோ ஒரு பத்தை விட்டிட்டன். உந்தக் காரை நம்பேலாது," என்று சொல்லிவிட்டு, முதல் மணியிலிருந்து திரும்பத் தொடங்கினார்.